பட்டினி வரைந்த காளான்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லீவன்ஹூக் தினமும் காலையில் உப்பு போட்டுப் பல் தேய்ப்பவர். அப்படியும் பல்லிடுக்கில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டே இருந்தது. அதைச் சுரண்டி மழைநீரில் கலந்து, தானே செய்த லென்ஸ் வழியாகப் பார்த்தார். குட்டி உயிர்கள் துள்ளித் திரிந்தன. 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைக் கடிதமாக எழுதினார். வினிகரால் வாயைக் கழுவிப் பார்த்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார்: படிவின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டும் செத்தன, வினிகர் உள்ளே வரை போகவில்லை.

எவ்வளவு தூரம் போகும், ஏன் அதற்கு மேல் போகாது என்று கணக்குப் போட ஏறக்குறைய முந்நூறு வருடம் ஆனது. அந்தக் கணக்கின் முக்கியமான ஒரு அத்தியாயம் அதே டெல்ஃப்ட்டில் எழுதப்பட்டது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் வேதிப்பொறியியல் படித்துவிட்டு இப்போது மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பாக்டீரியாவை வளர்ப்பவன் அல்ல, கணினியில் வளர்த்துப் பார்ப்பவன். அந்த எச்சரிக்கையோடு படியுங்கள்.

பாக்டீரியா ஒரு பரப்பில் ஒட்டி, தங்களைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்ந்தால் அது பயோஃபிலிம். குளியலறை வடிகாலில் விரல் வைத்தால் வழுக்குவது, பல்லில் படிவது, நோயாளிக்குப் போட்ட கதீட்டரின் உட்சுவரில் படர்வது எல்லாம் இதுதான். பிசினில் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்த செல்களிலிருந்து கசிந்த டிஎன்ஏ என்று எல்லாம் இருக்கும்.

இதற்கு முதலில் கணிதம் எழுதியவர்கள் மருத்துவர்கள் இல்லை, கழிவுநீர்ப் பொறியாளர்கள். கற்குவியலின் மேல் கழிவுநீரைத் தெளித்து வடியவிட்டால், கல்மேல் படிந்த வழுவழுப்பு அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இது நடக்கிறது. எவ்வளவு கல் வேண்டும், படலம் தடிமனானால் வேலை கூடுமா குறையுமா என்பது அவர்களுக்குக் காசு சம்பந்தப்பட்ட கேள்வி. 1980இல் புரூஸ் ரிட்மனும் பெர்ரி மெக்கார்ட்டியும் நிலைத்த நிலையில் (தடிமன் மாறாமல்) இருக்கும் படலத்துக்கு ஒரு கணித மாதிரியைக் கொடுத்தார்கள். அடிப்படை ரொம்ப எளிமை. உணவு மேலிருந்து விரவி, அதாவது செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவி, கீழே வருகிறது, வழியில் இருப்பவை அதைத் தின்கின்றன. வருவதும் தின்பதும் எங்கே சமமாகித் தீர்ந்துபோகிறதோ அதுதான் உணவு எட்டும் ஆழம்.

தின்னும் வேகம் மாறாதது என்று வைத்துக்கொண்டால் விடை ஒரு வரியில் வந்துவிடும் (விரவல் கெழு என்பது ஒரு பொருள் எவ்வளவு வேகமாக விரவுகிறது என்று சொல்லும் எண்):

ஆழம் = √(2 × விரவல் கெழு × மேற்பரப்பில் உள்ள செறிவு ÷ தின்னும் வேகம்)

எண் போட்டுப் பார்ப்போம். படலத்துக்குள் ஆக்சிஜனின் விரவல் கெழு நொடிக்கு 1.5 × 10⁻⁹ சதுர மீட்டர் என்று கொள்ளலாம். காற்றோட்டமான தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும், அதாவது கன மீட்டருக்கு 8 கிராம். ஒரு கன மீட்டர் படலம் நொடிக்கு 1 கிராம் ஆக்சிஜனைத் தின்கிறது என்று வைப்போம், சுறுசுறுப்பான படலத்துக்கு இது நியாயமான எண்தான். விடை சுமார் 155 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை! அதற்குக் கீழே இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடையாது. தலைக்கு மேலே நிற்கும் நூறு சொச்சம் பேர் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள்.

அந்த வர்க்கமூலத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜனை இரண்டு மடங்காக்கினால் ஆழம் இரண்டு மடங்காகாது, 155 என்பது 220 பக்கம் போகும், அவ்வளவுதான். ஆழத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு ஆக்சிஜன் வேண்டும். படலம் அரை சென்டிமீட்டர் தடிமனாக இருந்தாலும் ஆக்சிஜனைப் பொறுத்தவரை வேலை செய்வது மேல்தோல் மட்டுமே. பொறியாளருக்கு இது போதும். எவ்வளவு தடிமன் என்று கவலைப்படாமல், எவ்வளவு பரப்பு என்று கேட்டால் சரி.

1986இல் சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் வானர், வில்லி குயர் இருவரும் பல இனங்கள் சேர்ந்து வாழும் படலத்துக்கு இதை விரிவாக்கினார்கள். வேகமாக வளர்பவை மேலே இடம்பிடிக்கும், அம்மோனியாவைத் தின்று மெதுவாக வளர்பவை கீழே தள்ளப்படும் என்பதையெல்லாம் அது சொல்லும். சுத்திகரிப்பு நிலைய வடிவமைப்பில் அந்த வகை மாதிரி இன்றும் புழங்குகிறது. ஆனால் அதில் படலம் சப்பையாக இருக்கும். மேல்-கீழ் மட்டுமே உண்டு, இடம்-வலம் கிடையாது.

1990களில் கான்ஃபோகல் நுண்ணோக்கி வந்து அந்தச் சப்பைப் படத்தைக் கெடுத்தது. படலத்தை வெட்டாமல், உயிரோடு, அடுக்கடுக்காகப் பார்க்க முடிந்தது. தெரிந்தது கோபுரங்கள், காளான் குடைகள், நடுவே தண்ணீர் ஓடும் கால்வாய்கள். ஆய்வாளர்களில் பலர் மயங்கிப்போனார்கள். நகரம் மாதிரி இருக்கிறது, திட்டமிட்டுக் கட்டியது மாதிரி இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. யார் கட்டுகிறார்கள்?

1998இல் இரண்டு பதில்கள் வந்தன. எனக்கு இந்த முழுத் துறையிலும் பிடித்த வருடம் அது.

முதல் பதில் சயன்ஸ் இதழில், டேவிட் டேவிஸ் குழுவுடையது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா ஒன்றுக்கொன்று வேதிச் சமிக்ஞை அனுப்பும். அந்தச் சமிக்ஞையைத் தயாரிக்கும் மரபணுவை எடுத்துவிட்டால் கோபுரம் வராது, படலம் தட்டையாக நெருங்கிக் கிடக்கும், சோப்பு மாதிரியான பொருள் பட்டாலே கலைந்துவிடும். வெளியிலிருந்து சமிக்ஞையைச் சேர்த்தால் கோபுரம் திரும்பிவிடும். ஆகவே பேச்சுவார்த்தை நடத்தித்தான் கட்டுகின்றன.

இரண்டாவது பதில் டெல்ஃப்ட்டிலிருந்து. கிறிஸ்டியன் பிச்சோரியானு, மார்க் வான் லூஸ்ட்ரெக்ட், யோசப் ஹைனன் மூவரும் ஒரு கணினி மாதிரி எழுதினார்கள். பேச்சுவார்த்தை இல்லை, மரபணு இல்லை, திட்டம் இல்லை. இருந்தாலும் காளான் வந்தது.

அந்த மாதிரியை நானும் என் மடிக்கணினியில் எழுதிப் பார்த்தேன். பைத்தானில் சின்ன நிரல்தான், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதிவிடலாம். கட்டம் போட்ட பலகை ஒன்று. அடிவரிசையில் அங்கங்கே பாக்டீரியா, மேல்விளிம்பில் உணவு. ஒவ்வொரு கட்டத்திலும் உணவு விரவுகிறது. பாக்டீரியா இருக்கும் கட்டத்தில் அது தின்னப்படுகிறது, தின்ற அளவுக்கு அங்கே எடை கூடுகிறது. எடை ஒரு வரம்பைத் தாண்டினால் பாதியைப் பக்கத்துக் காலிக் கட்டத்துக்குத் தள்ளிவிட வேண்டும். காலிக் கட்டம் எதுவும் இல்லையென்றால் ஏதாவது ஒரு பக்கம் இடித்துத் தள்ள வேண்டும், எந்தப் பக்கம் என்பதைப் பகடை முடிவு செய்யும்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. உணவு நூறு மைக்ரோமீட்டர் விரவச் சில நொடிகள் போதும். பாக்டீரியா இரட்டிப்பாக மணிக்கணக்கில் ஆகும். இரண்டு கடிகாரமும் இவ்வளவு வித்தியாசமாக ஓடுவதால், உணவுக் கணக்கைப் போடும்போது பாக்டீரியா உறைந்து நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். உணவு எங்கே எவ்வளவு என்று முழுதாகத் தீர்த்துவிட்டு, அப்புறம் எல்லோரையும் ஒரு படி வளரவிட வேண்டும், மறுபடி உணவு. இந்தப் பிரிவினை இல்லாவிட்டால் அந்தக் காலக் கணினிகள் திணறியிருக்கும், என் மடிக்கணினியும்தான்.

உணவைத் தாராளமாக வைத்தால் படலம் மட்டமாக, அடர்த்தியாக, கொஞ்சம் சலிப்பூட்டும் விதத்தில் மேலெழும்பும். உணவைக் குறைத்தால் விரல்கள் முளைக்கும், விரல் நுனி தடித்துக் குடையாகும், நடுவே பள்ளங்கள் ஆழமாகிக் கால்வாயாகும். காரணத்தைத் திரையிலேயே பார்க்கலாம். தற்செயலாக ஒரு செல் மற்றவற்றைவிட ஒரு கட்டம் மேலே இருக்கிறது. உணவு முதலில் அதற்குத்தான் கிடைக்கிறது, அதனால் அது இன்னும் மேலே போகிறது. பக்கத்துப் பள்ளத்தில் இருப்பதற்கு மிச்சம்தான், அது பின்தங்குகிறது. பகடை போட்ட சின்ன ஏற்றத்தாழ்வைப் பசி பிடித்துப் பெரிதாக்குகிறது. டெல்ஃப்ட் குழு இதை ஒரே எண்ணில் அடக்கியது: வளரும் வேகத்தை உணவு வந்து சேரும் வேகத்தால் வகுத்த விகிதம். அது சிறிதாக இருந்தால் மட்டம், பெரிதாக இருந்தால் விரல். 2001இல் ஜாக் டாக்கரி, ஐசக் கிளாப்பர் இருவரும் பகடையே இல்லாமல், வகைக்கெழுச் சமன்பாட்டை மட்டும் வைத்து, மட்டமான படலம் ஏன் மட்டமாக நிலைக்க முடியாது என்று காட்டினார்கள்.

இந்த இடத்தில் கணிதம் தெரிந்தவர்களுக்கு ஒரு திமிர் வரும். எனக்கும் வந்தது. மரபணுவும் வேண்டாம், சமிக்ஞையும் வேண்டாம், பசி ஒன்று போதும், உயிரியல்காரர்கள் வீணாகக் கஷ்டப்படுகிறார்கள் என்று தோன்றும்.

2003இல் டென்மார்க்கிலிருந்து மிக்கெல் கிளாவ்சன் குழுவின் முடிவுகள் வந்தன. அதே சூடோமோனாஸுக்குச் சிட்ரேட் கொடுத்தால் படலம் தட்டை, குளுக்கோஸ் கொடுத்தால் காளான். சமிக்ஞை மட்டும்தான் காரணம் என்ற கதைக்கு இது அடி. ஆனால் டெல்ஃப்ட் கதைக்கும் அடி விழுந்தது. இரண்டு நிறத்தில் ஒளிரும் பாக்டீரியாவைக் கலந்து வளர்த்தபோது, காளானின் தண்டு ஒரு கூட்டத்தால் ஆனது, குடை இன்னொரு கூட்டத்தால் ஆனது. நகர முடியாதவை பெருகித் தண்டாகின்றன, நகரக்கூடியவை முடி போன்ற பைலஸ்களால் இழுத்து இழுத்து அதன்மேல் ஏறிக் குடையாகின்றன. பிச்சோரியானுவின் கட்டங்களில் யாரும் ஏறுவதில்லை, பிறந்த இடத்தில் தள்ளப்படுகிறார்கள், அவ்வளவுதான். வெளியே பார்த்தால் அதே காளான், உள்ளே வேறு கதை.

டெல்ஃப்ட் மாதிரி தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. காளான் உருவாகப் பசி மட்டுமே போதும் என்று அது நிரூபித்தது, அந்த நிரூபணம் இன்றும் நிற்கிறது. இந்தக் காளான் பசியால்தான் உருவானது என்று அது நிரூபிக்கவில்லை. 'இது போதும்' என்பதற்கும் 'இதுதான் நடந்தது' என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியை, அழகான சிமுலேஷன் படம் ஒன்று பக்கத்தில் இருந்தால், கண் தாண்டிவிடுகிறது. பயோஃபிலிம் மாதிரிகளைப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இதைத்தான்: படம் ஒத்துப்போகிறதா என்பதை விட்டுவிட்டு, வேறு எந்தெந்தக் கதைகளும் இதே படத்தைக் கொடுத்திருக்கும் என்று.

கட்டங்களைப் பிடிக்காத கணிதவாதிகளுக்கு வேறு வழி உண்டு. பரவுவது என்றாலே பழைய நினைவு 1937இல் ஃபிஷர் எழுதிய சமன்பாடு. இன்னொரு பக்கம் அதே வருடம் கொல்மகோரவ், பெட்ரோவ்ஸ்கி, பிஸ்குனோவ் மூவரும் அதை எழுதினார்கள். வளர்ச்சியும் விரவலும் சேர்ந்தால் ஓர் அலை கிளம்பும், அதன் வேகம் 2√(வளர்ச்சி வீதம் × விரவல் கெழு). அழகான விடை, ஆனால் பயோஃபிலிமுக்கு ஒத்துவராது. அந்தச் சமன்பாட்டின்படி முதல் நொடியிலேயே, எண்ண முடியாத அளவு சிறிதாக என்றாலும், உலகம் முழுக்கப் பாக்டீரியா பரவியிருக்கும். உண்மையான படலத்துக்கோ கூர்மையான விளிம்பு இருக்கிறது, இந்தப் பக்கம் படலம், அந்தப் பக்கம் தண்ணீர்.

2001இல் ஹெர்மன் எபெர்ல் குழு இதற்கு விரவல் கெழுவையே மாற்றியது. படலம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ அதைப் பொறுத்து விரவல் மாறும்: அடர்த்தி பூஜ்யத்தை நெருங்கினால் விரவலும் பூஜ்யம், அடர்த்தி உச்சத்தை நெருங்கினால் விரவல் முடிவிலி. தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி. ஆள் குறைவாக இருக்கும்போது நின்ற இடத்தில் நிற்கலாம். தோளோடு தோள் இடிக்கும்போது நடுவில் ஒருவர் அசைந்தால் ஓரத்தில் இருப்பவர் கடைக்குள் போய் விழுவார். இந்த ஒரு மாற்றத்தால் கூர்மையான விளிம்பும் கிடைத்தது, அடர்த்தி வரம்பைத் தாண்டாது என்ற உத்தரவாதமும் கிடைத்தது. கணிதரீதியாக முரட்டுச் சமன்பாடு, இரண்டு முனையிலும் வழக்கமான தேற்றங்கள் கைவிரித்துவிடும். அதனாலேயே அதன்மேல் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள்.

அகர் தட்டில், அதாவது ஜெல் பரப்பிய ஆய்வகத் தட்டில், வளரும் படலம் வேறு வழியில் பரவும். பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் பிசின், அடியில் இருக்கும் ஜெல்லிலிருந்து சவ்வூடு அழுத்தத்தால் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து, அந்தப் பருமனாலேயே வெளியே விரிகிறது என்று அக்னீசே செமினாரா குழு 2012இல் காட்டியது. நீந்தும் கசையிழை அதற்குத் தேவையில்லை.

இவ்வளவும் வடிவத்தைப் பற்றி. என் அக்காவுக்கு வடிவத்தில் அக்கறை இல்லை. அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஒருநாள் போனில் கேட்டாள், "ஏண்டா, இவ்வளவு ஆன்டிபயாடிக் ஏத்தியும் கதீட்டரை எடுக்கற வரைக்கும் ஜுரம் இறங்க மாட்டேங்குதே, மருந்து உள்ளயே போகலையா?"

"போகுதுக்கா. ஓரிரு நிமிஷத்துல போயிடும்."

"போயி?"

அந்த 'போயி'தான் சரியான கேள்வி. கணக்கு இதோ: ஆன்டிபயாடிக் மூலக்கூறின் விரவல் கெழு சுமார் 4 × 10⁻¹⁰ என்றும், படலம் 200 மைக்ரோமீட்டர் என்றும் வைத்தால், தடிமனின் வர்க்கத்தைக் கெழுவால் வகுத்தால் 100 நொடி. பிசின் என்பது பெரும்பாலும் தண்ணீர்தான், சுவர் இல்லை. பிறகு லீவன்ஹூக்கின் வினிகர் ஏன் தோற்றது? வினை நடந்தால் கதை மாறும். உள்ளே போகும் பொருளை வழியிலேயே யாராவது தீர்த்துக்கட்டினால், ஆக்சிஜனுக்குப் போட்ட அதே வர்க்கமூலக் கணக்கு மறுபடி வந்துவிடும். குளோரின் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. 1994இல் அமெரிக்காவின் மொன்டானாவில் மைக்ரோ மின்முனையைச் செருகி அளந்தபோது, படலத்துக்குள் குளோரின் செறிவு பெரும்பாலும் வெளியே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் இருந்தது. வினிகருக்கும் இதே காரணம்தானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் அந்தப் பக்கம்தான்.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் 2000இல் அதே மொன்டானாவில் ஜெஃப் ஆண்டர்ல், மைக்கேல் ஃப்ராங்க்ளின், ஃபிலிப் ஸ்டூவர்ட் மூவரும் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் படலத்துக்குள் ஆம்பிசிலின் போகவில்லை, காரணம் அதை உடைக்கும் நொதி. சரி, நொதி இல்லாத வகையை எடுத்தார்கள். இப்போது ஆம்பிசிலின் முழுக்க ஊடுருவியது. அப்படியும் படலத்துக்குள் இருந்தவை பிழைத்துக்கொண்டன. ஆம்பிசிலின் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கும் மருந்து. பட்டினி கிடந்து வளராமல் நிற்பவை சுவர் கட்டுவதே இல்லை, கெடுக்க ஒன்றுமில்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ பசியோட இருக்கறவனைக் கொல்ல முடியாதுன்னு சொல்றே" என்றாள். ஏறக்குறைய அதேதான்.

மாதிரிகளில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பகுதி ஒன்று உண்டு: உதிர்வது. படலம் வளர்ந்துகொண்டே போகாது, ஓட்டம் அதைப் பிய்த்துக்கொண்டு போகும். இதற்குப் பல மாதிரிகளில் எழுதியிருப்பது, உதிரும் வேகம் தடிமனின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று. ஏன் வர்க்கம்? பெரும்பாலும் வசதிக்காக. படலத்தின் இறுதித் தடிமனை முடிவு செய்வதே இந்த ஒரு உறுப்புதான் என்னும்போது, மற்ற உறுப்புகளையெல்லாம் தசமப் புள்ளி வைத்து அளந்துவிட்டு இதைக் கண்ணால் பார்த்துப் போடுவது எனக்கு உறுத்துகிறது. உதிர்வது சீராக நடப்பதும் இல்லை, பாளம் பாளமாக ஒரே நாளில் கழன்றுவிடும். அடைப்பும் அப்படித்தான். 2013இல் நூட் ட்ரெஷர் குழு வளைந்து வளைந்து போகும் நுண்குழாயில் சூடோமோனாஸை வளர்த்தது. சுவரில் படிந்த படலத்தால் ஓட்டம் பெரிதாகக் குறையவில்லை. பிறகு குழாயின் குறுக்கே நூலிழைகள் நீண்டன, மிதந்து வருபவற்றை வலை மாதிரி பிடித்தன, கொஞ்ச நேரத்தில் குழாய் அடைத்துக்கொண்டது. சப்பைப் படல மாதிரியில் இதற்கு இடமே கிடையாது.

ஆனால் மாதிரி முன்னால் போய், சோதனை பின்னால் வந்த கதையும் உண்டு. குரோல் சூயெல் குழு 2015இல் ஒரு விசித்திரத்தைக் கண்டது. பாசில்லஸ் படலம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் சீராக வளராமல், சில மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று நின்று வளர்ந்தது. விளிம்பில் இருப்பவை குளுட்டமேட்டைத் தின்கின்றன. அவற்றுக்கு வேண்டிய அம்மோனியம் உள்ளே இருப்பவற்றிடமிருந்துதான் வருகிறது. விளிம்பு அதிகம் தின்றால் உள்ளே பட்டினி, அம்மோனியம் நின்றுபோகும், விளிம்பு வளர்வதை நிறுத்தும், உணவு உள்ளே போகும், மறுபடி ஆரம்பம். பொட்டாசியம் அயனி வழியாக மின்சமிக்ஞையும் இதில் பங்கெடுக்கிறது என்று அதே வருடம் காட்டினார்கள்.

ஒரே உணவு ஓடையில் இரண்டு படலங்கள் இருந்தால்? 2017இல் இதற்கு அவர்கள் எடுத்த மாதிரியில் கட்டங்கள் இல்லை, காளான் இல்லை, பாக்டீரியாவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஒவ்வொரு படலமும் ஓர் ஊசலாடி, சுழற்சியில் அது எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரே ஒரு கோணம். இரண்டுக்கும் நடுவே சமிக்ஞையும் போட்டியும் மட்டும். உணவு நிறைய இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தின்னும், உணவைக் குறைத்தால் முறைவைத்து மாறி மாறித் தின்னும் என்று அது சொன்னது. நுண்குழாயில் உணவைக் குறைத்துப் பார்த்தார்கள். இரண்டு படலமும் முறைக்கு மாறின. முறைவைத்துத் தின்றதால், உணவு குறைந்த பிறகு அவை முன்பைவிட வேகமாக வளர்ந்தன.